தாலிப்பொட்டுத் தட்டு

பீமவரம் நகைக்கடைத் தெருவில் நான் வேலை பார்க்கும் கடைக்கு மூன்று பகுதிகள். கீழே முன்பக்கம் சங்கிலியும் வளையலும். கீழே உள்பக்கம் தாலிப்பொட்டு. மாடியில் வெள்ளி. நான் பதினோரு வருடமாக உள்பக்கம். சிவப்பு வெல்வெட் தட்டில் பொட்டுகளை அடுக்கி, எதிர் நாற்காலியில் வந்து உட்காருகிறவர்கள் கேட்பதை எடுத்துக் காட்டி, எடை போட்டு, வேண்டாம் என்றதைத் திரும்ப அடுக்குவது என் வேலை.

அது பாதி வேலைதான். பிறந்த வீட்டுப் பொட்டு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுப் பொட்டு ஒன்று. இரண்டும் தேர்வானதும் கடையைச் சேர்ந்த ஒரு சுமங்கலி அவற்றுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மஞ்சள் சரட்டில் கோத்து, பெண்ணின் அம்மா முந்தானையில் போட வேண்டும். அந்தக் கை எப்படிப்பட்ட கை என்று விசாரிக்காமல் யாரும் முந்தானையை நீட்டுவதில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று சவுகார் சுப்பாராயுடு என்னிடம் மூன்று கேள்விதான் கேட்டார். எதுவரை படித்தாய், வீடு எங்கே, புருஷன் இருக்கிறானா.

இருக்கிறார் என்றேன். அதில் பொய் இல்லை. வீர்ராஜு ஒரிசாவில் இறால் குட்டையில் வேலைக்குப் போய் அப்போதே இரண்டு வருடம் ஆகியிருந்தது. அங்கே அவருக்கு வேறொரு வீடு அமைந்துவிட்டது என்று கூடப் போன ஆள் ஒருவன் திரும்பி வந்து சொல்லியிருந்தான். என்றாலும் இருக்கிறார்தானே.

நான் சொன்ன பொய் வேறு. சேர்ந்த முதல் மாதத்தில் தணுக்கிலிருந்து வந்த ஓர் அம்மாள், சரட்டைக் கையில் எடுத்தபோது, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். இல்லை என்றால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒரு பையன், மூன்றாவது படிக்கிறான் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவன் வருடா வருடம் வளர்ந்தான். ஒருவர் பெயர் கேட்டார், பிரணீத் என்றேன். பத்தாவதில் கணக்கில் மார்க் குறைந்தது. இப்போது காக்கிநாடாவில் இஞ்சினியரிங் இரண்டாம் வருடம். ஆளுக்கு ஆள் மாற்றிச் சொல்லிவிடக் கூடாதே என்று காலண்டரின் பின்பக்கம் தேதியோடு குறித்து வைத்தேன். சில வாடிக்கையாளர்கள் அடுத்த பெண்ணின் கல்யாணத்துக்கு வரும்போது நினைவு வைத்துக் கேட்பார்கள், பிரணீத்துக்கு ஜுரம் தேவலையா என்று. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறக்கும்போதும் அந்தக் கேள்வி காதில் இருக்கும்.

ஆஷாட மாதத்துக் கடைசிச் செவ்வாய்க்கிழமை அந்தப் போன் வந்தது. கடையில் போன்களை அலமாரியில் வைத்துவிட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் போனபோது ஒரே எண்ணிலிருந்து நான்கு அழைப்புகள் இருந்தன. திரும்பக் கூப்பிட்டேன். ஒரு பெண் பேசினாள். தெலுங்கு அவளுக்குச் சரியாக வரவில்லை. மஞ்சள் காமாலை, ஆஸ்பத்திரியில் ஆறு நாள், ஞாயிற்றுக்கிழமை போய்விட்டார், எல்லாம் முடிந்துவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நீங்கள் யார் என்று கேட்டேன். போன் நின்றுவிட்டது.

சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு இரண்டு மணிக்கு உள்பக்கம் போனேன். பாலகொல்லிலிருந்து ஒரு குடும்பம் காத்திருந்தது. அவர்களுக்குக் கோத்துக் கொடுத்தேன். ஆறரை மணிக்கு வீட்டுக்கு வந்து, வாளியில் தண்ணீர் பிடித்து, தலையில் ஊற்றிக்கொண்டேன். வீட்டுக்காரம்மா என்ன செவ்வாய்க்கிழமை தலைக்குக் குளியல் என்றார். புழுக்கம் என்றேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விட்டு அனுப்பமாட்டார்கள், சவுகார் அப்படிப்பட்டவர் இல்லை. மாடிக்கு அனுப்புவார். மாடியில் ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வந்தால் அதிகம். வருகிறவர்கள் குத்துவிளக்கு என்ன விலை என்று கேட்பார்கள். உன் வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார், பையன் என்ன படிக்கிறான் என்று கேட்கமாட்டார்கள். எனக்கு இந்த ஊரில் அந்தக் கேள்விகளைக் கேட்பவர்கள் அந்த வெல்வெட் தட்டுக்கு எதிரில் உட்காருகிறவர்கள் மட்டும்தான்.

கல்யாணங்கள் தொடங்கும் சிராவண மாதம் பிறந்தது. கடையில் நிற்க இடமில்லை. அந்த மாதத்தில் வருகிறவர்களைப் பற்றி எழுதினால் தனியாக ஒரு நோட்டு வேண்டும். ஆகிவீடு என்ற ஊரிலிருந்து வந்த ஒருவர், மின்விசிறிக் காற்று தராசை அழுத்துகிறது என்று கீழ்த்தளம் முழுக்க விசிறிகளை நிறுத்தச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் வியர்த்ததும், இப்படிப் புழுங்கும் கடையில் மனிதன் எப்படி நகை வாங்குவான் என்று கோபித்துக்கொண்டார். இன்னொரு குடும்பத்தில் பெண்ணின் சித்தி அமெரிக்காவில். அவருக்குப் போனில் காட்டுவதற்காக ஒவ்வொரு பொட்டையும் என் கழுத்தில் வைத்துப் பிடிக்கச் சொன்னார்கள். பதினாறாவது பொட்டில் அமெரிக்காவிலிருந்து குரல் வந்தது. "பொட்டு நல்லாத்தான் இருக்கு. கழுத்த மாத்தச் சொல்லு, கலரே தெரியல." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சுகுணாவை அழைத்து நிறுத்தினேன். சுகுணா என் பக்கத்து மேசையில் கருகமணி விற்பவள், கொஞ்சம் வெளுப்பு.

வரலட்சுமி விரதத்துக்கு மறுநாள், சனிக்கிழமை, ராஜ்யலட்சுமி அம்மாள் வந்தார். தெருவில் எல்லாக் கடைக்காரர்களுக்கும் அவரைத் தெரியும். உண்டி என்ற ஊர்ப் பக்கத்தில் ஐம்பது ஏக்கர் இறால் குட்டை உள்ள குடும்பம். வாங்கியதைத் திருப்பிக் கொண்டுவருவதில் பெயர் பெற்றவர். ஒருமுறை முன்பக்கத்தில் வாங்கிய வளையலை, சத்தம் சரியில்லை என்று மூன்று தடவை மாற்றினார். அவர் கார் நின்றதைப் பார்த்ததும் முன்பக்கத்துப் பையன்கள் ஆளுக்கொரு வேலையாகக் குனிந்துகொண்டார்கள். அவர் அவர்களைப் பார்க்கவே இல்லை. நேராக உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் பையை வைத்தார். பைக்குள்ளிருந்து பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, பதினொன்று நாற்பது வரை துர்முகூர்த்தம், அதுவரை தட்டைத் திறக்காதே என்றார்.

இருபத்தைந்து நிமிடம் மூடிய தட்டுக்கு முன்னால் இருவரும் இருந்தோம். பாதாம் பால் கொடுத்தார்கள். சில்லென்று இல்லை என்று திருப்பினார். வேறு வந்தது. பல் கூசுகிறது என்றார். அப்புறம் என்னை விசாரிக்க ஆரம்பித்தார்.

"நாலு இடத்துல கேட்டுட்டுதான் வந்திருக்கேன். மாணிக்யம்தானே நீ? உன் கையால வாங்கிட்டுப் போன மூணு குடும்பம் எங்க ஊர்லயே இருக்கு. மூணும் நல்லா இருக்கு. வீட்டுக்காரர் எங்க?"

"ஒரிசால, அம்மா. இறால் குட்டைல."

"பேசுவாரா?"

"பேசுவாரு."

பையனைப் பற்றியும் கேட்டார். காக்கிநாடா என்றேன். எந்தக் காலேஜ், ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. பதினொன்று நாற்பதுக்குத் தட்டைத் திறந்தேன். மூன்று மணி நேரம் ஆயிற்று. இரண்டு பக்கத்துப் பொட்டையும் அவரே வாங்குகிறார், மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை, அதனால் அந்தப் பொறுப்பும் தன் தலையில் என்றார். ஒவ்வொன்றையும் மூன்று தடவை தராசில் வைக்கச் சொன்னார். தேர்ந்தெடுத்த இரண்டையும் கடைசியில் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

இது இரண்டாவது பெண் ஹாரிகாவுக்கு. பெரியவள் மௌனிகாவுக்கு மூன்று வருடத்துக்கு முன் வேறோர் ஊரில் வாங்கினார்கள். அங்கே கோத்துக் கொடுத்தவள் நெற்றி நிறையக் குங்குமத்தோடு இருந்தாள், சிரித்துச் சிரித்துப் பேசினாள். எட்டாவது மாதம் மாப்பிள்ளை பைக்கோடு கால்வாயில் விழுந்து போய்விட்டார். கருமாதியெல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் கடைக்காரி புருஷனை இழந்து நாலு வருடம் ஆனவள், வேலை போய்விடும் என்று மறைத்திருக்கிறாள். இதைச் சொல்லும்போது ராஜ்யலட்சுமி அம்மாளின் குரல் உயரவில்லை. "அவள நான் போய்ப் பாக்கல. பாத்து என்ன கேக்கறது? ஆனா இந்தத் தடவ கேட்டுட்டு வாங்கணும்னு இருந்தேன். கேட்டுட்டேன்." பொட்டுகளை என் முன்னால் வைத்து, முந்தானையை விரித்தார்.

சரடு என் இடது கையில் இருந்தது. அந்த மாதத்தில் அதே இடத்தில் நின்று எத்தனையோ ஜோடி கோத்திருந்தேன். ஆனால் அவர்கள் யாரும் இப்படி விவரம் சொல்லிவிட்டு முந்தானையை விரிக்கவில்லை. பெண்கள் சொல்லும் அந்தக் காரணத்தைச் சொன்னேன்.

"நான் இன்னிக்குத் தூரம், அம்மா."

அவர் முந்தானையை இழுத்துக்கொண்டார். "அப்போ காலைலருந்து எப்படித் தொட்டே?"

சுகுணா உடனே உதவிக்கு வந்தாள். காட்டுவதற்குத் தொடலாம், கோப்பதுதான் கூடாது, நான் கோத்துத் தரட்டுமா என்றாள். உனக்கு எத்தனை பிள்ளை என்றார் அவர். இரண்டு பெண்கள் என்றாள் சுகுணா. ராஜ்யலட்சுமி அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நல்லா இரு, ஆனா எனக்கு வேண்டாம் என்றார். பிறகு எழுந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "இவ கைதான் வேணும். புதன்கிழம வர்றேன்." சவுகார் மாடிப்படியிலிருந்து இறங்கி வந்து கும்பிட்டார். மாணிக்யம் புதன்கிழமை உங்களுக்காகவே காத்திருப்பாள் என்று அவர் பங்குக்கு வாக்குக் கொடுத்தார். முன்பணம் கொடுத்ததும் இரண்டு பொட்டும் அந்த அம்மாள் பெயர் எழுதிய உறைக்குள் போயின.

நடுவில் மூன்று நாட்கள். ஞாயிறு மட்டும் விடுமுறை. அன்று துணி துவைத்தேன், வீட்டைக் கழுவினேன், பிறகு செய்ய ஒன்றுமில்லை. யோசித்துப் பார்த்தேன். என் கையால் யாருக்கும் எதுவும் ஆகும் என்று நான் நம்பவில்லை. பாலகொல்லுக்காரர்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. வீர்ராஜு இருந்தபோதும் எனக்கு அவர் இல்லாதவர்தான். அப்படியிருக்க அப்போது கோத்தது நல்ல கை என்றால் இப்போது கோப்பதும் நல்ல கைதான். இப்படி வரிசையாக நியாயங்கள் வந்தன. எல்லாவற்றையும் யோசித்து முடித்த பிறகும் அந்த அம்மாள் "கேட்டுட்டேன்" என்று சொன்னது அங்கேயே நின்றது. விடுப்புக் கேட்கலாம், சிராவணத்தில் கிடைக்காது. கிடைத்தாலும் அவர் வியாழக்கிழமை வருவார்.

புதன்கிழமை பத்தரைக்கு வந்தார். கூட ஹாரிகா, இரண்டு உறவுக்காரப் பெண்கள். தட்டில் வெற்றிலை, வாழைப்பழம், எனக்கென்று ஒரு ரவிக்கைத் துண்டு. எடையை இன்னொரு தரம் பார்த்துவிடலாம், உள்ளே வாருங்கள் என்று அவரை மட்டும் உரைகல் அறைக்குக் கூட்டிப்போனேன். எடை என்றதும் அவர் மறுக்கவில்லை. அறைக் கதவைச் சாத்தினேன்.

"என் கை வேண்டாம்மா."

"இன்னும் ஆகலையா?"

"அது பொய். வீட்டுக்காரர் செத்துட்டாரு. ஆஷாடத்துல."

அவர் கண் என் நெற்றிக்குப் போயிற்று, பிறகு கழுத்துக்கு. புடவைத் தலைப்பை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தார். சுவர் வந்துவிட்டது. அறை சின்னது.

"எத்தன நாளாச்சு?"

"இருபத்துநாலு."

"காரியம் யாரு பண்ணினா? பையன் போனானா?"

"பையன் இல்லம்மா."

"ஏன் போகல?"

"பையனே இல்ல. நான் சொல்றதுதான் அது."

ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி நான் சொன்னதெல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது போலிருந்தது. கடையில் யாருக்குத் தெரியும் என்றார். உங்களுக்குத்தான் முதலில் என்றேன். அடிக்கவும் செய்வார் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் கதவைச் சாத்தியிருந்தேன்.

"தலைக்கு யாரு தண்ணி ஊத்தினா?"

"நானே ஊத்திக்கிட்டேன்."

"அது தானா ஊத்திக்கக் கூடாதுடி. எம் பெரியவளுக்கு நான்தான்..." உரைகல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்தார். கதவைத் திறந்துகொண்டு அவரே முதலில் வெளியே போனார்.

வெளியே அவர் செய்தது இது. உறையைக் கிழித்து இரண்டு பொட்டையும் வெல்வெட்டில் போட்டார். விளிம்பு தேய்ந்திருக்கிறது என்றார். இல்லையே அம்மா, நீங்களே மூன்று தடவை பார்த்து எடுத்தீர்களே என்று சுகுணா சொன்னாள். அன்றைக்கு வெளிச்சம் சரியில்லை என்றார். சவுகார் ஓடிவந்தார். வேறு காட்டச் சொன்னார். வேறு காட்டினார்கள். இது ஆந்தை முழி மாதிரி இருக்கிறது, அது அரைக்காசு அகலத்தில் இருக்கிறது என்று அந்த அம்மாள் வரிசையாகத் தள்ளினார். கடைக்குள் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கொடுத்த முன்பணத்தை உடனே எண்ணி வைக்கச் சொன்னார். சவுகார் என் பக்கம் திரும்பி, உள்ளே கூட்டிப்போய் என்னம்மா சொன்னாய் என்று பல்லைக் கடித்தார்.

"அவள எதுக்குத் திட்றீங்க? அவ ஒழுங்காத்தான் காட்டினா. உங்க சரக்குதான் சரியில்ல."

அதைச் சொல்லும்போதும் அவர் என் பக்கம் பார்க்கவில்லை. வெற்றிலைத் தட்டையும் ரவிக்கைத் துண்டையும் உறவுக்காரப் பெண்களிடம் கொடுத்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். கார்வரைக்கும் சத்தம் போட்டுக்கொண்டே போனார். ஹாரிகா மட்டும் ஒரு நிமிடம் பின்தங்கி, அம்மா எல்லாக் கடையிலும் இப்படித்தான் அக்கா, மனசுல வெச்சுக்காதீங்க என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். சரி என்றேன்.

கார் போன பிறகு முன்பக்கத்தில் யாரோ சிரித்தார்கள், உண்டி அம்மாள் பத்தாவது ரிட்டன் என்று. சவுகாரும் ஆறிவிட்டார். போகட்டும் விடு, அந்தம்மா யாருக்கும் அடங்காது என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஏறினார். ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. அந்த அம்மாள் என்னை அதே இடத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தார். நான் விரும்பினால் இன்னும் பத்து வருடம் அங்கே நிற்கலாம், பிரணீத்துக்கு வேலை கிடைக்கலாம், கல்யாணம்கூட ஆகலாம்.

நரசாபுரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் அடுத்துக் காத்திருந்தது. அம்மாவும் பெண்ணும். நடந்ததையெல்லாம் வேடிக்கை பார்த்தவர்கள். அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் கேட்பதைக் கேட்டார், வீட்டுக்காரர் சௌக்கியமா என்று.

பதினோரு வருடமாகக் கேட்ட மாத்திரத்தில் வரும் பதில். வரவில்லை. ஒருவருக்குத் தெரிந்துவிட்ட பிறகு அது வேறு விஷயமாகிவிட்டது. அதற்கு மேல் எனக்குக் காரணம் எழுதத் தெரியவில்லை. சுகுணா காட்டுவாள் அம்மா என்று சொல்லி, தட்டை அவள் பக்கம் நகர்த்திவிட்டு மாடிப்படி ஏறினேன்.

சவுகார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். எப்போது, எங்கே, என்ன நோய் என்று கேட்டார். இரண்டாம் தடவை சொல்வது சுலபமாக இருந்தது. பையன் விஷயத்தையும் சொன்னேன். பையனைப் பற்றி அவர் என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கடைசியில், அதற்குப் பிறகும் கோத்தாயா என்றார்.

"முப்பத்தொரு ஜோடி, அய்யா."

கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலையாள் கொண்டுவந்த தண்ணீர்த் தம்ளரை என் பக்கம் தள்ளினார். "அத யார்கிட்டயும் சொல்லாத. உனக்குள்ளயும் சொல்லிக்காத." பிறகு, நாளையிலிருந்து மாடி என்றார். அதைத் தாழ்ந்த குரலில், மரியாதையாகத்தான் சொன்னார்.

மறுநாள் காலையில் நானே கழுத்திலிருந்ததைக் கழற்றி, காகிதத்தில் சுற்றி, பெட்டிக்குள் வைத்தேன். நெற்றியில் சின்னதாகக் கறுப்புப் பொட்டு வைத்தேன். கடைக்குள் நுழைந்தபோது முன்பக்கத்துப் பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சுகுணா என்னைப் பார்த்து எழுந்தாள், எதிரில் ஆட்கள் இருந்ததால் திரும்ப உட்கார்ந்துவிட்டாள். மாடியில் நரசய்யா என்ற வயதானவர் கிண்ணங்களுக்குத் துணியால் மெருகு போட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு துணி கொடுத்தார். பதினொன்றரை வரைக்கும் யாரும் ஏறி வரவில்லை. கீழேயிருந்து பேச்சுச் சத்தம் படி வழியாக வந்துகொண்டிருந்தது, என்ன பேசுகிறார்கள் என்று பிரியவில்லை.

அப்புறம் ஒரு பெண் வந்தாள். இடுப்பில் ஏழு மாதக் குழந்தை. அதற்குக் கொலுசு வேண்டும் என்றாள். முதல் ஜோடியைக் காட்டியதும் இது வெள்ளியா ஈயமா என்று கேட்டாள். வெள்ளிதான் என்று உரசிக் காட்டினேன். உரசியதில் கீறல் விழுந்துவிட்டது என்று தள்ளினாள். மணிச் சத்தம் மட்டமாக இருக்கிறது என்றாள். பதினான்கு ஜோடியையும் ஒவ்வொன்றாக என்னையே ஆட்டச் சொன்னாள். குழந்தை ஒன்பதாவது ஜோடிக்குச் சிரித்தது, அதை எடுக்கலாம் என்றேன். குழந்தைக்கு என்ன தெரியும் என்று கோபித்தாள். கொக்கி குத்தும் என்றாள், கூலி அதிகம் என்றாள், பக்கத்துக் கடையில் இதைவிட நன்றாகப் பேசுகிறார்கள் என்றாள். நாற்பது நிமிடம் என் எதிரில் நின்றாள்.

"உனக்கு வேலையே தெரியல. புதுசா?"

"ஆமாம்மா. இன்னிக்குத்தான்."

ஒன்றும் வாங்கவில்லை. மாமியாரைக் கூட்டிக்கொண்டு சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கத் தொடங்கினாள். நான் படிவரைக்கும் போய், சாயங்காலம் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.